ஆறு மணிக் கட்டு

பிப்ரவரி 14, 2018. சாம்பல் புதன்

உண்மையை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை எடுத்துப் படிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. போன வருடம் பெரிய வியாழனன்று, கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், பாதம் கழுவுவதற்காகப் பங்குசாமி என் வலது காலைக் கையில் ஏந்தினார். ஐந்து நகமும் பளபளவென்று மின்னின. நகப்பூச்சு.

நானாகக் கேட்டுப் போட்டுக்கொண்டதில்லை. பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் பங்கில் யாரும் அழுக்குக் காலோடு போவதில்லை. வீட்டிலேயே கல்லால் தேய்த்து, மூன்று தடவை கழுவி, பவுடரும் போட்டுக்கொண்டுதான் போவோம். சாமி கழுவுவதற்கென்று மிச்சம் எதுவும் இருக்காது. எனக்கு எப்போதும் மனைவி ரெஜினா தேய்த்துவிடுவாள். அவள் எங்கள் மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருந்ததால், ஒரு ஆண்கள் அழகு நிலையத்துக்குள் நுழைந்தேன். நாற்காலி சுகமாக இருந்தது, தூங்கிவிட்டேன். விழித்தபோது பூச்சு காய்ந்துகொண்டிருந்தது.

சாமி கையில் குவளையோடு ஒரு கணம் நின்றார். பாடகர் குழுவில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அவசரமாக இருமலாக மாற்றினாள்.

போதாக்குறைக்கு நான் உட்கார்ந்திருந்தது, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலி. பன்னிரண்டு நாற்காலிக்கும், ஆண்டவர் பாதம் கழுவிய பன்னிரண்டு அப்போஸ்தலர் பெயரை எழுதி ஒட்டுவது எங்கள் பங்கின் வழக்கம். பேதுருவுக்கும் யோவானுக்கும் சிபாரிசு நடக்கும். ஒரு நாற்காலிக்கு மட்டும் ஆள் கிடைக்காது. "இன்னாசிமுத்து சார் வேடிக்கையான மனுசன், கோவிச்சுக்க மாட்டாரு" என்று கோயில்பிள்ளை அந்தோணிசாமி மூன்று வருடமாக என் பெயரை எழுதிவிடுகிறார்.

இன்று நெற்றியில் சாம்பலோடு நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது சாமி ஒரு புது நிபந்தனை போட்டார்: "இந்த வருசம் நாற்காலில உக்கார ஆசப்படுறவங்க, தவக்காலம் முடியிறதுக்குள்ள வேற யாரு காலையாவது கழுவிட்டு வாங்க. அப்பறம் உங்க காலை நான் கழுவுறேன்."

எல்லாரும் சிரித்தோம். சாமி சிரிக்கவில்லை.

பூசை முடிந்ததும் சாமியின் அறைக்குப் போய், "ஃபாதர், பேதுரு நாற்காலி காலியா இருக்குங்களா?" என்றேன்.

"ரிட்டயர்டு கண்டக்டர் சூசைமாணிக்கத்தைத் தெரியுமா? உள்ளங்கால்ல சக்கரைப் புண்ணு. தனியாத்தான் இருக்காரு. ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலம் போயிப் பாத்துக்கங்க."

பேதுரு எதற்கு என்றால், படம் எடுப்பார்கள். நடுவில் பேதுரு. அந்தப் படத்தை ரெஜினாவுக்கு அனுப்பலாம்.

பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது. பிரசவத்துக்குப் போனவள் அநேகமாக அதற்குப் பிறகு வந்துவிடுவாள்.

பிப்ரவரி 19, திங்கள்

ஐந்து நாள் தைரியம் சேர்த்துக்கொண்டு இன்று போனேன். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க போகணும்?"

"இங்கதாண்ணே. உங்களைத்தான் பாக்க வந்தேன்."

"அப்பப் படியில நிக்காதீங்க. உள்ள ஏறி வாங்க."

முப்பத்தொரு வருடம் குமுளி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். வயது அறுபத்தேழு. பஸ்ஸின் கடைசி சீட்டுவரை எட்டும் குரல், ஒற்றை அறை வீட்டில் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. மனைவி இறந்து ஒன்பது வருடம். மாடியில் இருக்கும் அண்ணன் மகள் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

"நான் இன்னாசிமுத்து. கரண்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்."

"தெரியுமே. நெயில் பாலிஷ்."

என் பையைத் திறந்தேன். டெட்டால், பழைய வேட்டியில் கிழித்த துணி, வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு பாட்டில்.

"எண்ணெ எதுக்கு?"

"புண்ணு மேல ஊத்தலாம்னு. மந்திரிச்சது."

"மூடுங்க தம்பி. மாதாவே இந்தக் காலைப் பாத்தா ஆசுபத்திரிக்குப் போடான்னுதான் சொல்லுவா. டெட்டாலையும் உள்ள வைங்க. மொதல்ல கையக் கழுவுங்க. முழங்கை வரைக்கும். சோப்பு போட்டு."

கழுவினேன். "பத்தாது, இன்னொரு தடவ" என்றார். பிரசவம் பார்க்கும் டாக்டர்கூட இத்தனை தடவை கழுவமாட்டார். உப்புத் தண்ணீர் பாட்டில், பஞ்சு, வலைத்துணி எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பாவில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்.

கட்டைப் பிரித்தேன். பெருவிரலுக்குக் கீழே, கோலிக்குண்டு உள்ளே போகிற அளவுக்கு ஒரு குழி. உள்ளே சிவப்பு. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். பாதித் தண்ணீர் என் வேட்டியில்.

"வலிக்குதாண்ணே?"

"எனக்கு எங்க வலிக்கிது? கால் மரத்துப்போயி வருசமாச்சு. உங்க மூஞ்சியப் பாத்தா உங்களுக்குத்தான் வலிக்கிற மாரி இருக்கு."

பிப்ரவரி 20, செவ்வாய்

போனேன். கழுவினேன். வாந்தி எடுக்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

ஓர் ஆச்சரியம். நேற்று நான் கட்டியது கட்டு மாதிரியே இல்லை, காலில் பலாப்பழம் முளைத்த மாதிரி இருந்தது. இன்று மாலை போய்ப் பார்த்தால் நூல் பிடித்தாற்போல் கச்சிதமாக இருக்கிறது. கட்டும்போது தெரியாத நேர்த்தி மறுநாள்தான் கண்ணுக்குப் படுகிறது. ஐம்பத்து நாலு வயதில் எனக்குள் இப்படி ஒரு கைத்திறன் ஒளிந்திருக்கிறது. டைப் அடித்தே வாழ்க்கையை வீணாக்கிவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

லீவு நாளாயிற்றே, பூசைக்கு முன்னாலேயே போய்க் கட்டிவிட்டு வரலாம் என்று நேற்றே அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கண்டக்டர் பதறிவிட்டார்.

"காலைல வேணாம் தம்பி. வரவே வராதீங்க. காலைல எனக்கு ஜெபம். யாரும் இருக்கக் கூடாது."

ஆளைப் பார்த்தால் அவ்வளவு பக்திமான் என்று சொல்ல முடியாது. இந்த ஊரில் யார் யாருக்குள் என்னென்ன இருக்கிறதோ.

ரெஜினாவுக்கு இரவு எட்டு மணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். போன ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் தண்ணீர்க் கஷ்டம் என்று சொல்கிறவர்களை நம்பக் கூடாது.

மார்ச் 2, வெள்ளி

சிலுவைப்பாதை, பதினான்கு தலங்களில் நின்று நின்று ஜெபிக்கும் பவனி. ஐந்தாம் தலத்துக்கும் ஒன்பதாம் தலத்துக்கும் இடையில் ஏழு பேரிடம் நான் செய்துவரும் சேவையைப் பற்றிச் சொன்னேன். தற்பெருமை இல்லை. அவர்கள் "எங்க சார் சாயங்காலமானா ஆளையே காணோம்?" என்று கேட்டார்கள். அதாவது, கேட்க வசதியாக நான் முதலில் "சாயங்காலமானா என்னைய யாரும் தேடாதீங்க" என்று சொன்னேன்.

பாடகர் குழு பிலோமினா, "அந்தக் கண்டக்டரா? மகா முசுடாச்சே. ஏழைங்களுக்கு உதவுற வின்சென்ட் தெ பவுல் சபைக்காரங்களையே வாசலோட அனுப்பிட்டாரே. உங்கள மட்டும் எப்படி விட்டாரு?" என்று கேட்டாள்.

கைராசி என்றேன்.

மார்ச் 6, செவ்வாய்

இப்போது கட்டுக்குப் பத்து நிமிடம், பேச்சுக்கு ஒரு மணி நேரம். முதல் நாள் பாதி சுக்குக் காப்பி கொடுத்தார், இப்போது முழு டம்ளர். அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு இரண்டு கரண்டி. பங்கில் ஒருவர் விடாமல் அலசுகிறோம். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் போனார்கள், பெரிய கொயர் மாஸ்டர் தலைமுடி எந்த வருடத்திலிருந்து அவருடையது இல்லை, எல்லாம்.

இன்று அவர் திடீரென்று, "வீட்டுல அம்மா எப்ப வர்றாங்க?" என்றார்.

"அவ வந்தா இந்தக் காப்பி எனக்குக் கிடைக்காதுண்ணே. நல்லா இருக்கறதக் கெடுக்காதீங்க."

அவர் சிரிக்கவில்லை. "டிக்கெட் வாங்காம வர்றவன் இருக்கான் பாருங்க, நான் பக்கத்துல போகப் போக சன்னலுக்கு வெளிய ரொம்ப ரசிச்சுப் பாப்பான். நீங்க இப்ப அப்படித்தான் அந்தச் சுவத்தைப் பாக்குறீங்க."

சுவரில் காலண்டர்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ரெஜினாவின் சமையலைப் பற்றி, குறட்டையைப் பற்றி, அவள் அப்பா கொடுத்த கட்டில் முதல் வாரமே உடைந்ததைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள், நான் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள்.

"மகளுக்கு அப்ப எத்தன மாசம்?"

"அஞ்சு."

அவர் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். எல்லாத் தாயும் ஒன்பதாம் மாதம் போவார்கள். ரெஜினாவுக்கு எதிலும் முன்ஜாக்கிரதை.

மார்ச் 13, செவ்வாய்

நல்ல செய்தி. டாக்டர் பார்த்தாராம். ஓரம் மூடிக்கொண்டு வருகிறது, விரல் தப்பிவிட்டது, இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் கட்டே வேண்டாம் என்றாராம்.

"பெரிய கண்டம் தாண்டியாச்சு தம்பி. ஆறலேன்னா விரல எடுக்கணும்னாங்களே மொதல்ல!"

"ஸ்தோத்திரம்ணே" என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினேன். காலைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னும் பத்து நாள் என்று மனதுக்குள் ஓடியது. பிறகு? அலுவலகம் ஐந்தரைக்கு முடியும். ஆறு மணிக்கு வீட்டுப் பூட்டைத் திறந்தால் உள்ளே பிரிட்ஜ் மட்டும் உறுமும். மனிதர்கள் எந்த வேளையில் தனியாக இருக்கலாம் என்று கேட்டால், ஆறிலிருந்து எட்டுவரை தவிர எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. அந்தப் புண் கொஞ்சம் மெதுவாக ஆறினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு தடவை இல்லை. காந்தி மார்க்கெட்டிலிருந்து வீடுவரைக்கும்.

மார்ச் 14, புதன்

போகவில்லை. தலைவலி.

மார்ச் 15, வியாழன்

இன்றும் போகவில்லை. தலை நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, வெள்ளி

போனேன். உட்காராமல், கை கழுவாமல், நின்றபடியே சொன்னேன். இல்லாவிட்டால் வேடிக்கையாக ஏதாவது பேசி மழுப்பிவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றிப் பயம்.

"அண்ணே, ரெண்டு நாளா வேணும்னேதான் வரல. நான் வந்து கட்டலேன்னா புண்ணு ஆற நாளாகும்னு. ஆறிருச்சுன்னா எனக்கு இங்க வர்றதுக்கு வேல இல்ல பாருங்க. அதான்."

கண்டக்டர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நீங்க கட்டலேன்னா ஆறாதுன்னா?"

"ஆமாண்ணே. மன்னிச்சுக்கங்க."

"ரெண்டு நாளும் ஆறு மணிக்குக் காப்பியப் போட்டு வச்சுட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆறிப்போன காப்பிக்கு மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. கையக் கழுவுங்க, முழங்கை வரைக்கும்."

பிரித்தேன். குழியைக் காணோம்! கோலிக்குண்டு போன இடத்தில் கடுகு போகாது. நான் தொடாத இரண்டு நாளில்தான் அதிகம் ஆறியிருக்கிறது. என் புத்தியைப் பார்த்துவிட்டு ஆண்டவர் நேரடியாகவே இறங்கி வேலையை முடித்திருக்கிறார் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. வெட்கத்தில் பலாப்பழத்தைவிடப் பெரிதாக ஒரு கட்டுக் கட்டினேன்.

மார்ச் 18, ஞாயிறு

பேத்திக்குப் பிறந்தநாள். வாட்ஸப்பில் அழைப்பு வந்தது. "தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து" என்று அச்சடித்த அழைப்பு, சொந்தக்காரர்கள் குழுவில் எல்லாருக்கும் அனுப்பியது. குடும்பத்துடன் எப்படிப் போவது என்று யோசித்தேன். குடும்பம் அங்கேதான் இருக்கிறது.

கால்கிலோ கேக் வாங்கிக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுக்குக் கேக்கோடு போன ஒரே சமூக சேவகன் நான்தான். அவர் ஒரு துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் வாயில் ஊட்டினார். "பேத்தி பேரு என்ன?" "அனிஷா." "அனிஷா பாப்பா, வண்டி போலாம் ரைட்" என்று பெங்களூர் இருக்கும் திசையைப் பார்த்து விசில் அடித்தார். மாடியிலிருந்து அண்ணன் மகள் பதறி ஓடிவந்தாள்.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

மூடிவிட்டது. புதுத் தோல், குழந்தையின் கன்னம் மாதிரி இளஞ்சிவப்பு. டாக்டர் இனிக் கட்டு வேண்டாம் என்றுவிட்டார். கண்டக்டர் விசேஷச் செருப்புப் போட்டுக்கொண்டு குருத்தோலை ஏந்தி முதல் வளைவுவரை பவனியில் நடந்தார். சனம் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்து கை கொடுத்தது. நானும் கொடுத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போவதா வேண்டாமா என்று தெருமுனையில் நின்றேன். வேலை இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு எப்படிப் போவது? போனால் என்ன சொல்வது? திரும்பி வந்து பிரிட்ஜைத் துடைத்தேன்.

மார்ச் 29, பெரிய வியாழன்

பேதுரு நாற்காலி எனக்கு. யூதாஸுக்கு இந்த வருடமும் ஆள் கிடைக்காமல் கோயில்பிள்ளை அந்தோணிசாமியே உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க மூன்று வருடம் காத்திருந்தது வீண் போகவில்லை.

அழகு நிலையத்துக்குப் போகவில்லை. கல்லாலும் தேய்க்கவில்லை. வெடிப்பும் தூசியுமாக அப்படியே காலை நீட்டினேன். சாமி முழங்காலிட்டுத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தது, அதனால் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

படத்தை ரெஜினாவுக்கு அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது. நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"வெடிப்பு ரொம்ப இருக்கு. தேங்காயெண்ணெய் தடவுங்க."

மொத்தம் ஐந்து சொல். ஒன்றில்கூடக் கோபம் இல்லை. நான் பதிலுக்கு ஒரு நல்ல நகைச்சுவை அடித்து, அனுப்பாமல் அழித்துவிட்டு, "சரிம்மா" என்று மட்டும் போட்டேன். எண்ணெய் தடவிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பக்கத்தின் ஓரத்தில் கறை.

ஏப்ரல் 1, உயிர்ப்பு ஞாயிறு

சாயங்காலம் கண்டக்டர் வீட்டுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு போனேன். ஒரு வாரமாக ஏன் வரவில்லை என்று கேட்டார். வேலை இல்லையே என்றேன். "பஸ்ல வர்றவன் எல்லாம் வேலைக்கா வர்றான்?" என்றார். ஒன்பதரை மணிவரை இருந்தேன். காலையில் தெரிந்துகொண்ட விஷயத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலையில் தெரிந்துகொண்டது இது. பூசை முடிந்து வெளியே வரும்போது, மடத்து மருந்தகத்தில் இருக்கும் சிஸ்டர் ஃப்ளாவியா என்னை நிறுத்தினார். அதற்கு முன் அவரோடு பேசியதில்லை.

"நீங்கதான அந்தச் சாயங்கால நர்ஸ்?"

"ஆமா சிஸ்டர்" என்றேன், பாராட்டுக்குத் தோதாகத் தலையைச் சாய்த்து.

"நான் காலை நர்ஸ். டெய்லி ஆறரை மணிக்குப் போயி, நீங்க கட்டியிருக்கிற மூட்டையப் பிரிச்சு, திரும்பக் கழுவி, மருந்து வச்சுக் கட்டிட்டுத்தான் பூசைக்கு வருவேன். ரெண்டாம் நாளே அவர்கிட்ட சண்டை போட்டேன். சாயங்காலம் ஒருத்தர் வந்து பிரிச்சுக் கிளறுனா புண்ணு எப்படி ஆறும், அந்த ஆளை வரவேணாம்னு சொல்லுங்கன்னு. கேட்டாத்தான? 'அவருக்கு ஆறு மணிக்குப் போக ஒரு எடம் வேணும் சிஸ்டர். என் காலு எங்கயும் போகப் போறதில்ல, மெதுவா ஆறட்டும். கைய மட்டும் நல்லாக் கழுவ வைக்கிறேன்'னுட்டாரு."

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். பிப்ரவரி பத்தொன்பதிலிருந்து மார்ச் இருபத்தைந்துவரை, என் கைராசியில் அந்தப் புண் ஆற ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. சிஸ்டர் சொன்னார், டாக்டர் முதலில் சொல்லியிருந்தது மூன்று வாரமாம்.